மறுமொழி: சிண்டிலேட்டருக்கு 'மினுங்கி', 'கதிர்காணி' மட்டும் வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். கதிர்வீச்சுக் கருவிகளின் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிற நம் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

கோவை அண்ணன் கதிர்வீச்சைக் கண்டறிகிற டிடெக்டருக்குக் 'கதிர்காணி' என்று போட்டிருக்கிறார். காண்பது காணி, இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அண்ணே, இங்கே இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். 200 வருசம் கழிந்தும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவைத் தாண்டிச் சொந்தமாக நிலமில்லாத சனம்தான் இங்கே அதிகம். காணி என்றதும் பிள்ளைகளுக்கு ஏழு பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும்தான் ஞாபகம் வரும், அப்புறம் பாடம் எங்கே நடப்பது. வெப்ப உணரி, அழுத்த உணரி என்று ஏற்கெனவே சொல்கிறோமே, 'கதிர் உணரி' என்று விட்டுவிடலாம்.

உண்மையான சிக்கல் சிண்டிலேட்டர்தான், அதாவது கதிர் பட்டால் பளிச்சென்று ஒளி விடுகிற பொருள். என் பழைய மாணவி ஒருத்தி ரேடியோகிராபராக இருக்கிறாள். உடம்புக்குள் ஏற்றிய கதிரியக்க மருந்திலிருந்து வருகிற காமாக் கதிரை வைத்துப் படம் எடுக்கிற காமா கமராப் பரிசோதனைக்கு வருகிற தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறாள், அவள் கேட்டதால்தான் இதை இங்கே கிளப்பினேன். 'ஒளிர்வி' என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோயாளிக்கு ஊசியில் ஏற்றுவது அநேகமாக டெக்னீசியம்-99எம் என்கிற கதிரியக்கப் பொருள். 6 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அதிலிருந்து வருகிற ஒவ்வொரு காமா போட்டனுக்கும் (கதிரின் ஒரு துணிக்கைக்கும்) 140 கிலோ இலத்திரன்வோல்ட்டு சக்தி. அப்படி ஒன்று கமராவுக்குள் இருக்கிற தல்லியம் கலந்த சோடியம் அயடைட்டுப் பளிங்கில் பட்டு முழுதாக உறிஞ்சப்பட்டால், ஏறத்தாழ 5,000 நீல ஒளிப் போட்டன்கள் ஒரே மின்னல் வெட்டாகக் கிளம்பும், ஒரு மைக்ரோ செக்கனுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பளிங்குக்குப் பின்னால் வரிசையாக, சின்ன வெளிச்சத்தையும் மின்துடிப்பாக்கிப் பெருக்குகிற ஒளிப்பெருக்கிக் குழாய்கள். எந்தக் குழாய்க்கு எவ்வளவு வெளிச்சம் போனது என்று ஒப்பிட்டுத்தான் காமா எந்த இடத்தில் பட்டது என்று கண்டுபிடிப்பார்கள், மொத்த வெளிச்சத்தைக் கூட்டினால் அதன் சக்தி தெரியும், உடம்புக்குள்ளேயே மோதித் திசைமாறி வந்தது சக்தி குறைந்திருக்கும், அதைத் தள்ளிவிடலாம். 1950களில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் செய்த கமரா இப்படித்தான் வேலை செய்தது, இன்றைக்கும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இருப்பது அதன் பிள்ளைகள்தான்.

ஆக ஒரு காமாவுக்கு ஒரு வெட்டு. அதை எண்ணுவதுதான் வேலை. 'ஒளிர்வி' என்றால் கடிகார முள் இருட்டில் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறதே, அதுதான் மனதில் வரும். பளிங்கு அப்படி நின்று எரிந்தால் அடுத்த காமா வந்ததே தெரியாது. பெட் (PET) ஸ்கேனில் இது இன்னும் முக்கியம். ஒன்றாகப் பிறந்து எதிரெதிரே பறக்கிற இரண்டு 511 கிலோ இலத்திரன்வோல்ட்டு போட்டன்களும் ஒரே நேரத்தில் வந்தனவா என்று நனோசெக்கன் கணக்கில் பார்க்கவேண்டும். வெளிச்சம் 300 நனோசெக்கன் இழுக்கிற பிஸ்மத் ஜெர்மனேற்றுப் பளிங்கை ஓரங்கட்டி, 40 நனோசெக்கனில் அடங்கிவிடுகிற லுட்டீசியப் பளிங்குகள் வந்தது அதனால்தான்.

'மினுக்கி' என்று தம்பி ஒருவர் எழுதினார். கிட்ட வந்துவிட்டார், ஆனால் மினுக்கிக்கொண்டு திரிகிறவள் என்று ஊரில் யாரைச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன! பளிங்கு எதையும் மினுக்குவதில்லை, தானே மினுங்குகிறது. அதனால் 'மினுங்கி'. வெள்ளி மினுங்குது என்று சாதாரணமாகச் சொல்கிறோம், துண்டுப்பிரசுரத்தில் விளக்கமே எழுதத் தேவையில்லை. நட்சத்திரம் மினுங்குவதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அது வளிமண்டலத்தால் வருவது, விண்வெளியில் இருந்து பார்க்கிற செய்மதிக்கு அந்தத் தொல்லையே இல்லை.

சிண்டிலேட்டருக்குப் 'பொறிப்பளிங்கு' என்பதும் அழகான சொல், ஆனால் எல்லா மினுங்கியும் பளிங்கல்ல. விண்வெளியில் காமாக் கதிர் பார்க்கிற பெர்மி தொலைநோக்கியைச் சுற்றி, மின்னேற்றமுள்ள துணிக்கைகளைப் பிரித்தறியப் போர்த்தியிருப்பது மினுங்கு பிளாஸ்டிக். அதே செய்மதியில் காமா வெடிப்புகளைப் பார்க்க 12 சோடியம் அயடைட்டு மினுங்கிகளும் 2 பிஸ்மத் ஜெர்மனேற்று மினுங்கிகளும் இருக்கின்றன. திரவ மினுங்கியும் உண்டு. மினுங்கல், மினுங்கு பளிங்கு, மினுங்கல் எண்ணி என்று எங்கே ஒட்டினாலும் ஒட்டும்.

இடையில் ஒன்று. சோடியம் அயடைட்டு ஈரத்தை இழுக்கும், அதனால் அலுமினியக் கூட்டுக்குள் காற்றுப் புகாமல் அடைத்துத்தான் வைப்பார்கள். கூடு கசிந்தால் பளிங்கு மஞ்சளாகி வெளிச்சத்தை விழுங்கும். எங்கள் ஆய்வுகூடத்தில் சாதாரண உப்புப் போத்தலே மார்கழியில் பாறையாகிவிடும், பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்குச் சிரமமே இருந்ததில்லை.

எல்லாக் கதிர் உணரியையும் மினுங்கி என்று சொல்லிவிடாதீர்கள், அதுவும் முக்கியம். கட்மியம் சிங்க் டெலுரைட்டில் வெளிச்சமே வராது. காமா பட்டால் நேரடியாக இலத்திரன்-துளைச் சோடிகள் (இலத்திரனும் அது விட்டுப்போன வெற்றிடமும்) பிறக்கும், மின்னழுத்தம் கொடுத்து அவற்றைச் சேகரிப்பார்கள். அது 'குறைகடத்தி உணரி'. ஜெர்மேனியத்தைப் போலத் திரவ நைதரசனில் குளிரவைக்கவும் தேவையில்லை. காமா வெடிப்புகளைத் தேட 2004இல் ஏவிய ஸ்விஃப்ட் செய்மதியில் 4 மில்லிமீற்றர் சதுரத்தில் இப்படி 32,768 துண்டுகள், 2015இல் இஸ்ரோ அனுப்பிய அஸ்ட்ரோசாட்டிலும் இதே பொருள், இப்போது இதயப் பரிசோதனைக் கமராக்களிலும் அதேதான்.

அடுத்தது கொலிமேட்டர், கோடட் மாஸ்க் இரண்டும். காமாவை வில்லையால் குவிக்க முடியாது. ஆஸ்பத்திரியில் கொலிமேட்டர், அதாவது நேராக வருவதை மட்டும் விடுகிற ஈயத் துளைத்தட்டு. ஸ்விஃப்டில் கோடட் மாஸ்க், அதாவது ஒழுங்கில்லாமல் இடைவெளி விட்டு ஈயத் துண்டுகள் ஒட்டிய தட்டு. லயத்துத் தகரக் கூரை ஓட்டைகள் வழியாக விழுகிற வெயில் புள்ளிகள் நகர்வதை வைத்துச் சூரியன் எங்கே நிற்கிறது என்று சொல்வது மாதிரித்தான் இரண்டாவது. முதலாவதுக்குத் 'துளைத்தட்டு' போதும் என்று நினைக்கிறேன். இரண்டாவதுக்குப் 'புள்ளித்திரை', 'நிழற்குறித் தட்டு' என்று இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டுமே திருப்தியில்லை. யாரிடமாவது நல்லது இருந்தால் போடுங்கள்.