வான்வழி லேசர் ஸ்கேனிங்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வனவளப் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைக் கீழே செலுத்தி, அவை திரும்ப ஆகும் நேரத்தை வைத்துத் தொலைவைக் கணக்கிடும் முறைதான் பொருள். துடிப்பின் ஒரு பகுதி மர உச்சியில் பட்டு முதலில் திரும்பும். இலை இடுக்கில் நுழைந்தது தரையில் பட்டுக் கடைசியில் வரும். இரண்டு பரப்புக்கும் உள்ள வேறுபாடு மர உயரம். இந்த முறைக்கு 'வான்வழி லேசர் வருடல்', அதில் கிடைக்கும் புள்ளிகளின் தொகுப்புக்கு (பாயின்ட் கிளவுட்) 'புள்ளிமேகம்', மரங்களின் உயிர்ப்பொருள் எடையை (பயோமாஸ்) அறிவதற்கு 'உயிர்த்திணிவு அளவீடு' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

———

வருடல் வேண்டாம் அம்மா. வருடுதல் தொட்டுத் தடவுவது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் கருவி எதைத் தடவுகிறது?

'அலகிடல்' இருக்கிறதே! சீரை நேர், நிரை என்று பிரித்து அளப்பது அலகிடுதல். ஆங்கில 'ஸ்கேன்' என்பதும் செய்யுளை அசை பிரிப்பதில் பிறந்த சொல்தான். இன்னொன்று, அலகு என்றால் துடைப்பம். 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்குமிட்டு' என்கிறார் அப்பர். அலைவுறும் கண்ணாடி கதிரை இடவலமாக வீச, விமானம் முன்னே நகர, நிலம் பட்டை பட்டையாகப் பெருக்கப்படுகிறது. அளப்பது, பெருக்குவது இரண்டும் ஒரே சொல்லில் அமைகின்றன. லேசருக்கும் 'சீரொளி' இருக்கும்போது கடன் எதற்கு?

———

ஐயா, அழகான விளக்கம். ஆனால் வகுப்பில் அலகு என்றால் மீட்டர், கிலோகிராம்தான். அதே பக்கத்தில் 'உயரத்தின் அலகு மீட்டர்' என்று வரும், மாணவர் குழம்புவார். வருடி என்ற சொல்லோ ஆவணங்களை ஸ்கேன் செய்யும் கருவிக்கு நிலைத்துவிட்டது. அங்கும் ஒளிதான் படிகிறது, கை படவில்லை. லேசரும் அப்படியே இருக்கட்டும்.

———

வனத்துறைப் பணியிலிருந்து எழுதுகிறேன். லேசரால் தொலைவை அளக்கும் இந்த நுட்பத்தின் ஆங்கிலப் பெயர் லிடார். நாங்கள் பேசுவது 'லிடார் சர்வே' என்றுதான். வருடலோ அலகிடலோ, எனக்குச் சம்மதம். புள்ளிமேகம்தான் உறுத்துகிறது. இந்த வேலைக்கு வழக்கமான அகச்சிவப்பு லேசர் அடர்ந்த மேகத்தை ஊடுருவாது. அதனால் மேகத்துக்குக் கீழே பறப்போம், இல்லையேல் பறப்பைத் தள்ளிவைப்போம். பறப்புக் குறிப்பில் 'மேகம்' என்றால் தடை என்று பொருள். தரவுக்கே அந்தப் பெயர் எதற்கு? 'புள்ளித்திரள்' போதும்.

இதைவிட முக்கியமானது, 'உயிர்த்திணிவு அளவீடு' தவறு. லேசர் அளப்பது தொலைவை, உயிர்த்திணிவை அல்ல. களத்தில் மாதிரி நிலங்கள் குறித்து, மரங்களின் மார்புயர விட்டத்தை அளந்து, அதிலிருந்து கிடைக்கும் உயிர்த்திணிவைப் புள்ளித்திரளோடு பொருத்திச் சமன்பாடு காண்கிறோம். அதன்பின் முழுக் காட்டுக்கும் கிடைப்பது மதிப்பீடு. இரண்டையும் கலந்தால் மாணவர் களப்பணியே தேவையில்லை என்று நினைத்துவிடுவார்.

———

லிடாருக்கு 'ஒளிக்கதுவி' என்று முன்மொழிகிறேன். கதுவுதல் பற்றுதல், திரும்பும் ஒளியைப் பற்றும் கருவி. யாப்பிலும் இதற்கு உறவு உண்டு. கதுவாய் என்பது நாற்சீர் அடியில் மோனை, எதுகை போன்ற தொடை ஒரு சீரில் மட்டும் அமையாத வகை. மேற்கதுவாயில் இரண்டாம் சீரிலும், கீழ்க்கதுவாயில் மூன்றாம் சீரிலும் தொடை விடுபடும். அடர்காட்டில் தரைப்புள்ளி கிடைக்காமல் விடுபடும் இடங்களைக் 'கதுவாய்' என்றே அழைக்கலாமே!

———

கதுவாய் என்றால் குறைபட்டது என்றும் பொருள். குறையும் கருவியும் ஒரே வேரில் வந்தால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? இயலுக்கு இது வேண்டாம்.

———

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் கருத்துப்படி 'வான்வழி லேசர் வருடல்', 'புள்ளித்திரள்', 'உயிர்த்திணிவு மதிப்பீடு' என்று அனுப்புகிறேன். லிடார் லிடாராகவே இருக்கும். துடிப்பில் திரும்பி வரும் ஒவ்வொரு பகுதியையும் குறிக்கும் 'ரிட்டர்ன்' என்பதற்கு மட்டும் 'எதிரொளிப்பு' என்று வைத்திருக்கிறேன்.

———

வருடலுக்கு நான் இன்னும் உடன்படவில்லை அம்மா. கலைச்சொல் பட்டியலில் அலகிடலையும் மாற்றுச்சொல்லாகப் பதியுங்கள். ரிட்டர்னுக்கு எதிரொளிப்பு சரிவராது. அது நிகழ்வின் பெயர். இங்கே ஒரே துடிப்பிலிருந்து வருவனவற்றை வரிசைப்படுத்தி எண்ணுகிறார்கள். 'மீள்வு' என்றால் முதல் மீள்வு, இடை மீள்வு, கடை மீள்வு என்று தடையின்றி எழுதலாம்.