கியூஆரில் 4,296 எழுத்து பிடிக்குமாம், என் 1,150 எழுத்தை ஏன் துப்புகிறது?

சந்தூர் நாற்று:
கிருஷ்ணகிரி பக்கம் சந்தூரில் மாங்கன்று நாற்றுப்பண்ணை எங்களுடையது. விற்கிற ஒவ்வொரு ஒட்டுச்செடிக்கும் ஒரு டேக் கட்டிக் கொடுப்போம், இந்த வருடம் அதில் கியூஆர் போடலாம் என்று உட்கார்ந்தேன். குழி எவ்வளவு, தண்ணீர் எப்போது, என்ன உரம், முதல் மூன்று வருடம் பூவைக் கிள்ளிவிட வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். கணினியில் எண்ணினால் 1,150 எழுத்து. கியூஆர் 4,296 எழுத்து வரை கொள்ளும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த மென்பொருளில் போட்டாலும் 'தகவல் அதிகம்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. லிங்க் போடு என்று யாரும் சொல்லாதீர்கள், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலைக்காரர்கள், அங்கே நெட் கிடையாது.

ஓசூர் எட்டுபிட்டு:
அண்ணா, அந்த 4,296 உங்களுக்கான கணக்கே இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், இன்னும் ஒன்பது குறிகள், மொத்தம் 45. இவை மட்டும் இருந்தால்தான் அந்த எண்ணிக்கை. வெறும் எண்களாக இருந்தால் 7,089. மற்றதெல்லாம் பைட் கணக்கில் போகும், அதன் உச்சம் 2,953. தமிழுக்கு யூடிஎஃப்-8இல் (கணினி இன்று எழுத்தைச் சேமிக்கும் முறை) ஒரு குறிக்கு மூன்று பைட், அதுவும் க தனி, கொம்பு தனி, புள்ளி தனி. உங்கள் 1,150இல் இடைவெளி, எண் எல்லாம் ஒரு 130 என்று வைத்தாலும் மீதி 1,020க்கு 3,060 பைட், ஆக 3,190. உச்சத்தையே தாண்டிவிட்டீர்கள். அந்த உச்சமும் பிழைதிருத்தத்தை, அதாவது கொஞ்சம் அழிந்தாலும் மீட்டுப் படிக்கும் வசதியை, கடைசிப் படிக்கு இறக்கினால்தான், பல மென்பொருள்கள் அதற்கு அடுத்த படியில் நிற்கும், அங்கே 2,331தான்.

இதையும் பாருங்கள். 'ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளிவிடவும்'. கண்ணுக்கு 21 எழுத்து. கணினிக்கு 40 குறி, இரண்டு இடைவெளி. 122 பைட்.

அதனால் கோபித்தாலும் பரவாயில்லை, லிங்க்தான் போட வேண்டும்.

மலைவாத்தியார்:
ஓசூரில் உட்கார்ந்துகொண்டு லிங்க் போடு என்று சொல்வது சுலபம். நான் வேலை பார்ப்பது அஞ்செட்டி மலைப் பக்கம். ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால் சிக்னல் இரண்டு கோடு வரும், இறங்கினால் அதுவும் போய்விடும். செடி நடுகிறவன் மண்வெட்டியோடு பாறை ஏறுவானா? கியூஆரின் அழகே அது தாளிலேயே தகவலை வைத்திருப்பதுதான், நெட் இல்லாமலே படிக்கலாம். 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா குழு இதை உருவாக்கியதும் கார் உதிரிபாகங்களை அடையாளம் காணத்தான், இணையத்தில் போய்ப் படிக்க அல்ல. அப்புறம் இன்னொன்று, மாமரம் நாற்பது வருடம் நிற்கும், உங்கள் இணையதளம் நிற்குமா?

ஓசூர் எட்டுபிட்டு:
மரம் நாற்பது வருடம் நிற்கும் சார், டேக் நிற்காது. செடியை வைத்த அன்று மாலையே அதை ஆடு தின்றுவிடும்.

பாலக்கோடு தக்காளி:
😂 ஆடு ஸ்கேன் பண்ணிவிட்டுத்தான் தின்னும்.

ஆனால் வாத்தியார் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. தக்காளிப் பெட்டிக்கு நானும் இந்த 'பின்னால் மாற்றிக்கொள்ளலாம்' வகைக் கியூஆரைக் காசு கட்டி வாங்கினேன். சந்தா முடிந்த மறுநாள் ஸ்கேன் செய்தவனுக்கெல்லாம் 'பணம் கட்டவும்' என்று பக்கம் வந்தது, ஆயிரம் ஸ்டிக்கர் குப்பைக்குப் போனது. கியூஆருக்குக் காலாவதி கிடையாது, நடுவில் உட்கார்ந்து லிங்கைத் திருப்பிவிடும் கம்பெனிக்காரனுக்குத்தான்.

ஓசூர் எட்டுபிட்டு:
அது வேறு. சொந்தப் பெயரில் தளம் வைத்து நேரடி முகவரியைப் போட்டால் நடுவில் யாரும் இல்லை.

லேபிள் கடை, தர்மபுரி:
இரண்டு பேரும் பைட்டையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அச்சடிக்கிறவன் நான், என்னையும் கேளுங்கள். 2,953 வேண்டுமென்றால் அது 40ஆம் பதிப்பு, கியூஆரிலேயே பெரிய அளவு, ஒரு பக்கத்துக்கு 177 கட்டம். சுற்றிலும் நான்கு நான்கு கட்டம் வெள்ளை விட வேண்டும், ஆக 185. செடி டேக்கில் கியூஆர் கோடுக்கு எவ்வளவு இடம் தருவீர்கள்? தாராளமாக 4 செ.மீ. என் லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 4 செ.மீ.க்கு 320 புள்ளி. ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும். மை லேசாகப் பரவினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு கரிப்பிடித்த தோசைக்கல் மாதிரி இருக்கும், எந்த போனும் படிக்காது.

கட்டத்துக்கு மூன்று புள்ளியாவது இருந்தால்தான் நான் பொறுப்பெடுத்துக்கொள்வேன். அப்படிப் பார்த்தால் 4 செ.மீ.க்கு 20ஆம் பதிப்பு, 97 கட்டம். அதில் 858 பைட். தமிழில் 286 குறி. ஒரு படி பிழைதிருத்தம் ஏற்றினால் 666 பைட், 222 குறி. இதுதான் உங்கள் உண்மையான எல்லை.

சந்தூர் நாற்று:
அதிலேயே ஒரு சந்தேகம். பிழைதிருத்தம் மேல்படியில் வைத்தால் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும் என்கிறார்களே, அப்போது அச்சு சுமாராக இருந்தாலும் ஓடாதா?

ஓசூர் எட்டுபிட்டு:
ஓடாது. ஒரு மூலையில் சேறு, ஓரத்தில் கிழிசல் என்றால் மீட்டுவிடும். எல்லாக் கட்டமும் கொஞ்சம் கொஞ்சம் மங்கினால் எதை வைத்து எதைத் திருத்தும்? மேல்படிக்குப் போனால் 40ஆம் பதிப்பிலேயே 1,273 பைட்தான் மிஞ்சும். இதற்கு மாறாக முப்பது எழுத்து லிங்க் ஒன்று, 25 சதவீதப் படியில் வைத்தால்கூட 3ஆம் பதிப்பு, 29 கட்டம். அதே 4 செ.மீ.யில் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். சேற்றோடு, பழைய போனில், அரை வெளிச்சத்தில் படிக்கும்.

பாலக்கோடு தக்காளி:
தமிழை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் என்ன? சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டேன். அந்த முறையில் இரண்டு எழுத்துக்கு 11 பிட், எட்டு பிட் ஒரு பைட். மேலே சொன்ன 122 பைட் வரி 38 எழுத்தில் வருகிறது, 27 பைட்தான். நாலில் ஒரு பங்குகூட இல்லை. வாட்ஸ்அப்பில் எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம்?

மலைவாத்தியார்:
வேண்டாம் தம்பி. என்னிடம் படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆங்கிலப் பெரிய எழுத்து வராது. ஜப்பான்காரன் தன் 'கான்ஜி' எழுத்துக்குத் தனி முறையே வைத்துக்கொண்டான், எழுத்துக்கு 13 பிட். நமக்கு அப்படி ஒன்று இல்லாமல் போனதற்கு நாம் எழுத்தையே விட்டுக்கொடுக்க வேண்டுமா? திஸ்கி என்ற பழைய தமிழ்க் கணினி எழுத்து முறையில் ஒரு குறிக்கு ஒரு பைட்தானே, அதில் போட்டால் என்ன? இல்லை சுருக்கிப் போடலாம். ஆதாரில் படமே உள்ளே இருக்கிறது!

ஓசூர் எட்டுபிட்டு:
உள்ளே போடலாம் சார், வெளியே எடுப்பது யார்? ஆதார் கோட்டைச் சாதாரண கேமராவில் காட்டிப் பாருங்கள், ஒரு முழ நீளத்துக்கு வெறும் எண் வரும். அதைப் பிரித்துக் காட்டத் தனி ஆப் வேண்டும். திஸ்கியும் அதே கதை, இன்றைய போனுக்கு அது தெரியாது. நேரான யூடிஎஃப்-8க்கே தகராறு. கோட்டுக்குள் 'இது யூடிஎஃப்-8' என்று சொல்ல ஒரு குறிப்பு வைக்க இடம் இருக்கிறது, நிறைய மென்பொருள் அதை வைப்பதில்லை, படிக்கிற ஆப் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் தப்பினால் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்'உம் வரிசையாக வரும். தமிழ் டேக்கில் அதைப் பார்த்து எவன் குழி வெட்டுவான்?

இன்னும் பெரிய சிக்கல் ஒன்று. நம் ஆட்கள் ஸ்கேன் என்றாலே திறப்பது பணம் கட்டும் ஆப். அதில் உரைக் கோட்டைக் காட்டினால் 'செல்லாத கியூஆர்' என்று சொல்லிவிடும். ஐபோன் கேமராவோ படித்த உரையை இணையத்தில் தேடட்டுமா என்று கேட்கும். நெட் வேண்டாம் என்றுதானே உரையாகப் போட்டீர்கள்?

மலைவாத்தியார்:
இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. என் பையன் போனில் சரியாக வந்தது, என் போனில் வரவில்லை, இரண்டும் ஒரே கடையில் வாங்கியது.

பாலக்கோடு தக்காளி:
16 கோடாகப் பிரித்துப் போட்டால் சேர்த்துப் படிக்கும் முறையும் இருக்கிறதாமே?

லேபிள் கடை, தர்மபுரி:
தரத்தில் இருக்கிறது. போனில் இருக்கும் ஆப்களில் அதை மதித்துச் சேர்த்துக் காட்டுவதை நான் பார்த்ததில்லை, துண்டு துண்டாகத்தான் காட்டுகிறது. ஒரு மாங்கன்றுக்கு 16 டேக் கட்டினால் செடி தெரியாது.

சந்தூர் நாற்று:
சரி, முடித்துவிட்டேன். டேக்கின் முன்பக்கம் அச்சிலேயே நாலு வரி: ரகம், ஒட்டுக்கட்டிய தேதி, 'ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்', எங்கள் எண். பின்பக்கம் 20ஆம் பதிப்புக் கோடு, 210 குறிக்குள் வாத்தியார் சொன்ன மாதிரி தமிழ் உரை. லிங்க் உள்ள சின்னக் கோட்டை ரசீதில் போட்டுவிட்டேன், டேக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கேமரா ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றுக்குத் தாவுகிறது. கிளிமூக்கு பத்து, அல்போன்சா பத்து கட்டி ஐந்து போனில் சோதித்தேன். நாலில் தமிழ் வந்தது. ஐந்தாவது அப்பாவுடையது, அதில் தலையில் கோடு போட்ட அந்த 'ஏ'தான்.

ஓசூர் எட்டுபிட்டு:
அந்த ஐந்தாவது போன்தான் அண்ணா உங்கள் வாடிக்கையாளர்.

மலைவாத்தியார்:
அவருக்குத்தான் முன்பக்கம் நாலு வரி அச்சில் இருக்கிறதே.

லேபிள் கடை, தர்மபுரி:
சண்டையை அப்புறம் போடுங்கள். சந்தூர்க்காரரே, எந்தத் தாளில் அடித்தீர்கள்? சூட்டில் கறுக்கும் சாதா ரோல் என்றால் வைகாசி வெயிலில் கோடு வெளுத்துப்போகும், 666 பைட்டும் சேர்ந்து போகும். பிளாஸ்டிக் டேக், ரெசின் ரிப்பன் கேளுங்கள். விலை கொஞ்சம் கூட, மழைக்கு நிற்கும். ஆட்டுக்கு நான் பொறுப்பில்லை.