வேட்டைக்காரர்கள் சொன்ன திருத்தம்

பெரியப்பா: மீனவர்களைப் பற்றிய உன் படத்தை இரண்டு முறை பார்த்தேன் அம்மா. வலை இழுக்கும் காட்சியில் நல்ல இசை சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே?

அக்கா: வேண்டுமென்றேதான் விட்டேன் பெரியப்பா. நான் ஆசானாக நினைக்கும் ழான் ரூஷிடம் கற்றது. 1941இல் சாலை போடும் பொறியாளராக மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜருக்குப் போன பிரெஞ்சுக்காரர் அவர்.

சித்தி: சாலை போடப் போனவர் படம் எடுக்க வந்தது எப்படி?

அக்கா: வேலை நடந்த இடத்தில் மின்னல் தாக்கித் தொழிலாளர்கள் இறந்தார்கள் சித்தி. இடித் தெய்வம் டோங்கோவின் கோபம் என்று சடங்கு நடந்தது. நடத்தியவர், ரூஷுடன் வேலை பார்த்த டமூரே ஜிகாவின் பாட்டி. அதைப் பார்த்தபின் ரூஷ் மானிடவியல் பக்கம் திரும்பினார். டமூரே கடைசி வரை அவர் நண்பர். நடித்தார், ஒலிப்பதிவும் செய்தார்.

தம்பி: இசைக்கு வா அக்கா.

அக்கா: வருகிறேன். நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையை ரூஷ் படமாக்கினார். விறுவிறுப்பான கட்டத்தில் வேட்டைக்காரர்களின் பாட்டையே சேர்த்தார். 1954இல் அயோரு என்ற ஊரில் அவர்களுக்கே திரையிட்டார். திரை, சுவரில் கட்டிய படுக்கை விரிப்புதான். அவர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். பிறகு குறை சொன்னார்கள்: வேட்டையின்போது பாட்டு வரக் கூடாது, சத்தம் கேட்டால் நீர்யானை தப்பிவிடும்!

சித்தி: எவ்வளவு சரி!

அக்கா: ரூஷ் அதை ஏற்றுக்கொண்டார். படமெடுக்கப்பட்டவர்களே முதல் பார்வையாளர்கள், அவர்கள் திருத்தம் சொல்ல வேண்டும் என்பதைத் தன் வழியாக்கினார். ‘பகிர்ந்த மானிடவியல்’ என்றார். சிங்க வேட்டைப் படத்துக்கான அழைப்பும் அந்தத் திரையிடலில்தான் வந்தது.

தம்பி: ஆனால் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன், பூச்சிகளைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்க்கிறீர்கள் என்று 1965இல் ரூஷின் முகத்துக்கு நேரே சொன்னாரே?

அக்கா: சொன்னார். அதை என்னால் ஒதுக்க முடியாது தம்பி. கானாவின் அக்ராவில், ஹவுகா என்ற ஆவியேறும் சடங்கைப் பற்றி ரூஷ் எடுத்த படத்தையே எடுத்துக்கொள். ஆவேசம் வந்தவர்கள் ஆளுநராகவும் தளபதியாகவும் ரயில் ஓட்டுநராகவும் மாறுகிறார்கள். சடங்கை நடத்தியவர்களே எடுக்கச் சொல்லி ரூஷை அழைத்தார்கள். ஆனால் பாரிஸில் திரையிட்டபோது, இது எங்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுகிறது என்று ஆப்பிரிக்கர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஊராரிடம் காட்டுவது முதல் கடமை. அதோடு கணக்குத் தீர்ந்துவிடாது, படத்தை வெட்டி ஒட்டும் கை யாருடையது என்ற கேள்வி நிற்கிறது. ரூஷின் படத்தில் நடித்த உமரு கண்டா பிறகு தானே இயக்குநரானார். எனக்கு அதுதான் பெரிய செய்தி.

பெரியப்பா: ரூஷ் பிறகு பிரான்ஸிலேயே இருந்துவிட்டாரா?

அக்கா: போய்ப் போய் வந்தார். 2004இல் 86 வயதில் நைஜரிலேயே சாலை விபத்தில் இறந்தார். அந்நாட்டுத் தலைநகர் நியாமேயில் அடக்கம் செய்தார்கள். டமூரேயும் அதே வண்டியில் இருந்தார், பிழைத்தார்.

சித்தி: நீ எப்போது மீனவர்களிடம் காட்டப் போகிறாய்?

அக்கா: ஞாயிறு இரவு. வலை இழுப்பவரின் மகளையும் படத்தொகுப்பில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எதை நீக்கச் சொன்னாலும் நீக்கிவிடுவேன். அதுவரை இந்தக் குடும்பக் குழுவுக்கு வெளியே யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பெரியப்பா: சரி அம்மா. என் கைப்பேசியிலிருந்தும் அழித்துவிடுகிறேன். அவர்கள் பார்த்து முடித்ததை அனுப்பு.