கடற்கரையில் ஆணியடித்த கதை

போன வருடம் க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளைப் பழகலாமென்று உட்கார்ந்தேன். கையில் இருந்தது 19ஆம் நூற்றாண்டு மெட்ராஸ் வரைபடம் ஒன்றின் ஸ்கேன், துறைமுகம் வருவதற்கு முந்தையது. அதை இன்றைய சேட்டிலைட் படத்தின்மேல் உட்காரவைக்க, இரண்டிலும் இருக்கிற ஒரே இடத்தைத் தேடித் தேடிப் புள்ளி வைக்க வேண்டும். ஜார்ஜ் கோட்டை மூலை, கபாலீசுவரர் கோயில் குளத்தின் நான்கு முனை, இப்படி. கிழக்கே புள்ளி போதவில்லை. சரி, கடற்கரைக் கோடு இருக்கவே இருக்கிறதே என்று சாந்தோமிலிருந்து கோட்டை வரை வரிசையாக வைத்துவிட்டேன். ஓட்டிப் பார்த்தால் மயிலாப்பூர் குளம் பக்கத்துத் தெருவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! இரண்டு ராத்திரி மென்பொருளைத் திட்டித் தீர்த்தேன்.

தப்பு என்னுடையது. 1870களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியபின், அலையோடு தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அதில் முட்டி நின்று சேர்ந்துசேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரத்து குறைந்து கரையை அரித்துவிட்டது, இன்றைக்கும் கல் கொட்டித்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். அசையாது என்று நம்பி நான் ஆணியடித்த கோடுதான் படத்திலேயே அதிகம் நகர்ந்திருந்தது. அந்தப் புள்ளிகளை அழித்ததும் குளம் கோயிலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

அப்புறம்தான் மேற்கே பார்த்தேன். நுங்கம்பாக்கத்தில் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஒரு ஏரி, அந்தக் காலத்து லாங் டேங்க். மாம்பலம் பக்கத்துத் தண்ணீரை 1920களில் வடித்துத்தான் தி.நகரைப் போட்டார்கள்; நுங்கம்பாக்கம் பக்கத்து ஏரிப்படுகையில் 1976ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. அப்பாவிடம் மவுசைக் கொடுத்து, பழைய படத்தை மங்கவும் தெளியவும் வைக்கிற பட்டையை இழுக்கச் சொன்னேன். கட்டடங்கள் மங்க மங்க நீலம் மேலே வந்தது. ரொம்ப நேரம் இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டே இருந்தார். "அதான் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடுன்னெல்லாம் போர்டு வச்சிருக்கானா? முப்பது வருஷமா அந்த வழியாத்தான் பஸ்ல போறேன், ஏன்னு ஒருநாளும் தோணல."

–––

இதைப் படித்த இன்னொருவரின் பதில்: எனக்கும் இதே அடிதான், வேளச்சேரியில். கரோனா என்கிற உளவுச் செயற்கைக்கோள்கள் 1960களில் எடுத்த படங்களை அமெரிக்கா 1995ல் ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதே, அதில் ஒன்றை எடுத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்க்கலாமென்று ஆசை. ஃபிலிம் கேமரா, ஓரமெல்லாம் வளைந்து கிடக்கும். புள்ளி வைக்க இன்றைய ரோடு எதுவும் உதவவில்லை, பாதி ரோடு அப்போது பிறக்கவே இல்லை! கடைசியில் பழைய கோயில்களையும் ஏரிக்கரைத் திருப்பங்களையும் பிடித்துத்தான் ஒருவழியாக உட்காரவைத்தேன். ஓரம் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.