சீரியல் போர்ட் (கருவியிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தகவல் பிட் பிட்டாக வரும் இணைப்பு), பைத்தான் (நிரல்மொழி): மறக்க முடியாத அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்

நாமக்கல் நைட்ஷிப்ட்:
எடைமேடை இண்டிகேட்டரை (எடையைக் காட்டும் பெட்டி) மாற்றிய மறுநாள், மக்காச்சோள லாரி. இண்டிகேட்டரில் 13590 என்று சிவப்பாக எரிகிறது, கம்ப்யூட்டரில் 3590. டிரைவர் எட்டிப் பார்த்து, "பத்து டன் எங்கண்ணே போச்சு?" என்றார். வயர் லூஸ் என்றார்கள். கேபிளை மாற்றியும் அதேதான். பைட்டுகளை அப்படியே பிரிண்ட் செய்தால், 1 வரவேண்டிய இடத்தில் அதன் குறியெண்ணான 49-க்குப் பதில் 177. புது இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டி (1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி சேர்க்கும் சரிபார்ப்புப் பிட்). பைசீரியலிடம் (போர்ட்டைப் படிக்கும் பைத்தான் நூலகம்) எதுவும் சொல்லாவிட்டால் 8 பிட், பாரிட்டி இல்லாமல் படிக்கும். இரண்டிலும் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுப் பிட்டுகளோடு மொத்தம் 10 பிட்தான் என்பதால் போர்ட் முனகவே இல்லை. 0, 3, 5, 6, 9 ஒழுங்காக வரும். 1, 2, 4, 7, 8-க்கு மட்டும் எட்டாவது பிட் ஏறிவிடும். ஸ்கிரிப்ட் எழுதிப்போன புண்ணியவான் பைட்டுகளை எழுத்தாக்கும் டிகோட் வரியில் 'இக்னோர்' (புரியாததை விட்டுவிடு) போட்டிருந்தார். அந்த எண்கள் சத்தமில்லாமல் கழன்று விழுந்தன. மாட்டியவர் சோதித்தது காலி மேடையையும் 9560 கிலோ வண்டி ஒன்றையும். இரண்டும் சரியாகவே வந்திருக்கும்! அன்று காலையிலிருந்து எத்தனை பில் இப்படிப் போனதோ, இன்னும் உறுத்துகிறது.

மழைமானி:
எங்களுக்கு அர்டுயினோ யூனோ (சின்னக் கட்டுப்பாட்டு போர்டு). மழைமானி வாளி கவிழும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்று கூடும். மணிக்கொரு தடவை ஸ்கிரிப்ட் போர்ட்டைத் திறந்து வாசிக்கும். ஐப்பசி மழை கொட்டுகிறது, ஃபைலில் வரிசையாக 0, 0, 0. போர்ட் திறந்ததும் டிடிஆர் (கம்ப்யூட்டர் தயார் என்று சொல்லும் கம்பி) மாறி போர்டே ரீசெட் ஆகிறது. ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தோம், நின்றது.

பழைய கேபிள்:
நாமக்கல் நண்பரே, இக்னோரைத் திட்டிப் பயனில்லை. இண்டிகேட்டர் மேனுவலில் பாரிட்டி இருக்குமே, மாட்டியவர் அதைப் பார்க்காததுதான் கோளாறு. அப்புறம், ரீட்லைனுக்கு (ஒரு வரி படிக்கும் கட்டளை) டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) கொடுங்கள், இல்லாவிட்டால் கேபிள் கழன்ற அன்று ஸ்கிரிப்ட் அப்படியே உட்கார்ந்துவிடும். டைம்அவுட் கொடுத்தால் அரைகுறை வரி வரும். இலக்கம் குறைந்தால் தூக்கிப் போடுங்கள். எடை அடுத்தடுத்து மூன்று முறை ஒரே மாதிரி வந்தால்தான் பில் போட வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ் என்றால் பயனரை, போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள 'டயல்அவுட்' குழுவில் சேருங்கள், சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு ஓட்டாதீர்கள். இரண்டு யூஎஸ்பி கன்வெர்ட்டர் இருந்தால் போர்ட் பெயரின் கடைசியில் உள்ள பூஜ்யமும் ஒன்றும் இடம் மாறலாம், கருவியின் அடையாளத்தால் வரும் 'பை-ஐடி' பெயரையே பிடித்துக்கொள்ளுங்கள். என் கதையா? மோடம்மேனேஜர் (மோடம்களைக் கவனிக்கும் லினக்ஸ் நிரல்) என் கருவியை மோடம் என்று நினைத்து, மோடத்துக்கான ஏடி கட்டளை அனுப்பியது. அவ்வளவுதான்.

சிப் 340:
உபுண்டு 22.04 போட்டதும் என் சிஎச்340 (யூஎஸ்பி-சீரியல் சிப்) போர்ட் தோன்றி உடனே மறைந்தது. டிமெசெக்கில் (லினக்ஸ் கெர்னலின் பதிவு) பார்த்தால் 'பிஆர்எல்டிடிஒய்'. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. நல்ல மென்பொருள்தான், எனக்குத் தேவைப்படவில்லை, நீக்கிவிட்டேன்.

நாமக்கல் நைட்ஷிப்ட்:
பழைய கேபிள் அண்ணே, மேனுவல் ஓனர் வீட்டு பீரோவில். இலக்கம் குறைந்தால் தூக்கிப் போடும் யோசனை மட்டும் எடுத்துக்கொண்டேன். பில்களைச் சரிபார்க்கலாம் என்றால், இண்டிகேட்டரின் சொந்தப் பிரிண்டரில் அன்று ரிப்பன் இல்லை.