புதுப்பிப்பு: தொண்டை கம்மலுக்கு மசாஜ்

வகுப்பெடுத்து மதியத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்கிறது, கழுத்தை நீவிவிட்டால் சரியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் பனங்கற்கண்டும் மிளகும் சொன்னீர்கள் (சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது).

அப்புறம் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனேன். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல்நாணில் கட்டி எதுவும் இல்லை. சுற்றியுள்ள தசைகள் இறுகிக் குரல்வளையை மேலே தூக்கிப் பிடித்திருக்கின்றனவாம். இந்த இறுக்கத்துக்குத்தான் மசாஜ்.

பேச்சுப் பயிற்சியாளர் எண்ணெயெல்லாம் தொடவில்லை. தாடைக்கடியில் நாவடி எலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக நீவினார். பிறகு குரல்வளையின் மேல் விளிம்பைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். நீவும்போதே ‘ம்ம்ம்’ என்று முனகச் சொன்னார். வலித்தது, ஆனால் அங்கேயே குரல் தெளிந்தது.

வீட்டில் செய்பவர்கள் கவனம்: கழுத்தோரம் நாடி துடிக்கும் இடத்தை அழுத்தவே கூடாது, மயக்கம் வரலாம். கம்மல் நான்கு வாரம் தாண்டினால் முதலில் தொண்டையைக் காட்டிவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சியும் தொடர்கிறது. கடைசி பெஞ்சுக்குக் கேட்க இப்போது இடுப்பில் கட்டும் ஸ்பீக்கர் மைக்தான். பிள்ளைகள் என்னை ‘கண்டக்டர் சார்’ என்கிறார்கள்.