மறு: மறு: 'ரீரவுட்டிங்' தமிழில் என்ன? கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

தண்டையார்ப்பேட்டை வகுப்புக்காரர்:
துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கான கையேடு முடிந்துவிட்டது, ஒரு சொல்தான் பாக்கி. போட்ட வழியை விட்டு வண்டி விலகினால் மேப் தானாக வேறு வழி போடுமே, அது. 'மாற்றுப்பாதை' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒருவர், "போலீஸ் தடுப்புல எழுதி வெச்சிருப்பாங்களே, அதா சார்?" என்று கேட்டுவிட்டார்.

பெரம்பூர் புலவர்:
தம்பி, ஆறு என்றால் வழி. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், அப்புறம் கிடங்கில் என்று ஊர் ஊராக வழி சொல்லிக்கொண்டே போவார்கள். மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போ என்ற எச்சரிக்கைகூட உண்டு. கருவி 'ஆற்றுப்படுத்தி', நீங்கள் கேட்டது 'மீளாற்றுப்படை'. இதற்கு மேல் என்ன வேண்டும்?

திருவொற்றியூர்த் தோழி:
ஐயா, ஆற்றுப்படுத்துநர் என்றால் இப்போது மனநல ஆலோசகர். அதைவிட, 'மீளா' என்று ஒரு சொல் தொடங்கினாலே மீளாத்துயில்தான் ஞாபகம் வருகிறது. வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் அது பட வேண்டாமே.

மணலி பொறியாளர்:
'செயற்கைக்கோள் வழிகாட்டி' என்று முதல் பக்கத்தில் போட்டிருப்பதே தப்பு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும்தான் சொல்கின்றன. குறைந்தது 4 கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது, வழியைத் தேடுவது வரைபட மென்பொருள். ஆகவே 'வழி மறுகணிப்பு'. இன்னொன்று, ஜிபிஎஸ் அமெரிக்காவுடையது, நம்முடையது நாவிக்.

பெரம்பூர் புலவர்:
2016இல் அந்தப் பெயரை வைத்தபோதே சொன்னேன். 'நாவிக்' என்றால் மாலுமி, வடசொல்லாம்! புறநானூற்றிலேயே 'நாவாய் ஓட்டி' இருக்கிறதே, யார் யாரிடம் கடன் வாங்கியது?

திருவொற்றியூர்த் தோழி:
நாவாய் நம் சொல்லா என்று அறிஞர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தீராது, விடுங்கள்.

காசிமேடு லாரி அண்ணன்:
ரோட்டில் நாங்கள் சொல்வது 'மேப் வழியை மாத்துது', அவ்வளவுதான். மறுகணிப்பு என்றால் பையன்கள் வாடகைக் கணக்கு என்று நினைப்பார்கள். சொல்லை விடுங்கள், முக்கியமானதை எழுதினீர்களா? காருக்கான மேப்புக்கு நம் வண்டியின் உயரம் தெரியாது. அது வழி மாற்றிவிட்டதே என்று ரயில் பாலத்துக்கு அடியில் கன்டெய்னரை விட்டால் மேலே இடிக்கும், பின்னால் எடுக்கவும் முடியாது. மழை நாளில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதும் எல்லா நேரமும் அதற்குத் தெரியாது.

தண்டையார்ப்பேட்டை வகுப்புக்காரர்:
உயரத்தைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன், நன்றி அண்ணா. பெயர்ச்சொல்லே வேண்டாம், 'மேப் வழி மாற்றுகிறது' என்று வினையாகவே போடுகிறேன்.

மணலி பொறியாளர்:
சரி. பின்னிணைப்பிலாவது 'மறுகணிப்பு' இருக்கட்டும்.

பெரம்பூர் புலவர்:
வழியை மாற்றியவன் ஓட்டுநர். கருவி அவன் பின்னாலேயே ஓடிவந்து வேறு வழி தேடுகிறது. மாற்றியது கருவி என்று எழுதினால் எழுவாயே தவறு. அச்சிடுங்கள், ஆனால் எனக்கு உடன்பாடில்லை.